ஏழாம் திருவிழாக் கச்சேரி மைதானத்திலேயே நடக்கட்டும்: எங்கள் ஊர் விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

பங்குனித் திருவிழாவின் ஏழாம் நாள் இன்னிசைக் கச்சேரி இந்த ஆண்டு கோயில் மைதானத்தில் நடைபெறாது என்றும், ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலையோரம் இருக்கும் திருமண மண்டபத்தில், அனுமதிச் சீட்டு வாங்கியவர்களுக்கு மட்டும் நடைபெறும் என்றும் நீங்கள் எடுத்திருக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இதை ஊர்க்கூட்டத்திலேயே எழுந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பெண்கள் பக்கம் பதினொரு பேர் இருந்தோம். முடிவு வாசிக்கப்பட்டது; யாரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. உங்களில் சிலரைச் சித்தப்பா என்றும் அண்ணன் என்றும் அழைத்து வளர்ந்தவள் நான். அந்த உறவுக்குரிய மரியாதையோடும், இந்த ஊரில் வரி கட்டும் ஒரு தலைக்கட்டின், அதாவது ஒரு குடும்பத்தின், உரிமையோடும் இதை எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து வருகிறேன். கொடைவிழா நோட்டீஸ், தேர்த் திருவிழா நோட்டீஸ், தேவாலயத் திருவிழா அழைப்பிதழ், கந்தூரி அழைப்பிதழ் என்று இந்த மாவட்டத்தின் விழாக்கள் பெரும்பாலும் என் கைவழியாகத்தான் அச்சுக்குப் போகின்றன. நம் கோயில் நோட்டீஸும் அப்படித்தான். ஏழாம் திருவிழா நிகழ்ச்சிகளின் கீழே, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலிருந்து ஒரே வரிதான் இருந்தது: ‘ஊர் மக்களும் பக்தர்களும் அனைவரும் திரளாக வந்து கேட்டு மகிழ வேண்டுகிறோம்.’ இந்த ஆண்டு வந்த கையெழுத்துப் பிரதியில் அந்த வரி சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மேலே ‘அனுமதிச் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும்’ என்று எழுதப்பட்டிருந்தது. மூன்று வகைக் கட்டண விவரமும் மண்டபத்தின் முகவரியும் அந்த இடத்திலேயே அடங்க வேண்டியிருந்ததால், எழுத்தின் அளவைக் குறைத்துப் பார்த்தேன், அப்போதும் அடங்கவில்லை. கடைசியில் வில்லிசைக் குழுவினரின் பெயர்களை ஒரே வரியாக நெருக்கி இடம் உண்டாக்கினேன். அனைவரும் என்ற சொல்லை நம் நோட்டீஸிலிருந்து நானே என் கையால் எடுத்திருக்கிறேன். அந்த வருத்தம்தான் இந்த மடலை எழுத வைத்தது.

கட்டணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முன்வரிசை 750 ரூபாய், நடுவரிசை 500 ரூபாய், பின்வரிசை 300 ரூபாய் என்று வைத்திருக்கிறீர்கள். என் வீட்டில் அம்மா, நான், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் என மூன்று பேர். பின்வரிசையில் உட்கார்ந்தாலும் 900 ரூபாய். அந்த மண்டபத்திலிருந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் நம் ஊர்ப்பக்கம் வரும் பேருந்து கிடையாது. ஆட்டோ போக வர 600 ரூபாய்க்குக் குறைந்து வராது. மண்டபத்துக்குள் வெளி உணவும் தண்ணீரும் கொண்டுவரக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை நோயாளியான என் அம்மாவால் எதுவும் சாப்பிடாமல் மூன்று மணி நேரம் இருக்க முடியாது என்பதால் அங்கே விற்பதை வாங்கித்தான் ஆக வேண்டும். ஆக, நம் கோயில் கச்சேரி ஒன்றைக் கேட்க என் குடும்பத்துக்கு 1,500 ரூபாய்க்கு மேல் ஆகிறது. என் மாதச் சம்பளம் 11,500 ரூபாய்.

இந்தக் கச்சேரிக்கு நான் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன் என்பதையும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். தலைக்கட்டு வரி 2,000 ரூபாயை ஆவணியில் பாதியும் தை மாதத்தில் பாதியுமாகக் கட்டினேன். இரண்டு ரசீதும் என்னிடம் இருக்கின்றன. வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, அம்மாவுக்கு மருந்துச் செலவு இருக்கிறது என்று சொல்லி ஒரு ஆண்டுகூட நான் தவணை கேட்டதில்லை. சென்ற ஆண்டின் வரவுசெலவு அறிக்கையைத் தட்டச்சு செய்தவளும் நான்தான். ஏழாம் திருவிழாவின் கலைஞர் சன்மானமும் ஒலிபெருக்கி வாடகையும் பந்தல் கூலியும் வரிப்பணத்திலிருந்தும் உபயதாரர் நன்கொடையிலிருந்தும் கொடுக்கப்பட்டதாகவே அதில் பதிவாகியிருக்கிறது. இந்த ஆண்டும் அதே வரியை முழுமையாக வசூலித்துவிட்டு, அதே மக்களிடம் சீட்டும் வாங்கச் சொல்வது ஒரே பொருளுக்கு இருமுறை விலை கேட்பதாகும். இதற்கு ஊர்க்கூட்டத்தில் எந்த விளக்கமும் தரப்படவில்லை.

அந்த மைதானம் எனக்கு என்ன கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் அப்பா செங்கல் சூளையில் கணக்கெழுதியவர். ஏழாம் திருவிழா அன்று மாலை சுருட்டிய ஓலைப்பாயைத் தோளில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்பே போய், மேடைக்கு இடப்பக்கம், ஆலமரத்து வேருக்கு அடுத்தாற்போல் இடம் போட்டுவிடுவார். அந்தப் பக்கம்தான் மிருதங்கக்காரர் உட்காருவார் என்பது அவருக்குத் தெரியும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு கச்சேரியில், வயல்வெளியிலிருந்து வந்த ஈரக்காற்றில் மிருதங்கத்தின் சுருதி இறங்கிவிட்டது. பாடகர் பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக் காத்திருந்தார். மிருதங்கக்காரர் ஒரு சிறு கல்லையும் கட்டையையும் எடுத்துத் தோல்மூட்டின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒரு தட்டு, பிறகு ஒரு விரலால் மீட்டிப் பார்ப்பது, மறுபடி ஒரு தட்டு. தம்பூராவின் ஒலி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தத் தட்டலைக் கேட்டார்கள். கடைசித் தட்டுக்குப் பின் அவர் விரல் வைத்தபோது தோலின் நாதமும் தம்பூராவின் நாதமும் ஒன்றாகக் கலந்ததை நான் என் காதால் அறிந்தேன். சுருதி சேர்வது என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. நான்கு முழத் தூரத்தில் உட்கார்ந்து பார்த்ததால் தெரிந்துகொண்டேன். அன்று எங்களிடம் 300 ரூபாய் சீட்டு கேட்டிருந்தால் அப்பா எங்களை வீட்டுக்குத்தான் திருப்பி அழைத்து வந்திருப்பார்.

மேடைக்குப் பின்புறம் வேலியோரமாக உட்கார்ந்து, மறுநாள் நிர்மால்யப் பூஜைக்கான பிச்சிப்பூவைக் கட்டிக்கொண்டே கச்சேரி கேட்கும் பெண்களை நீங்கள் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறீர்கள். தோவாளைச் சந்தையிலிருந்து மாலையில் வந்து சேரும் பூவை அன்றிரவே கட்டி முடித்தாக வேண்டும் என்பதால் அவர்களால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது அவர்களில் மூத்தவரான ஓர் அம்மாவின் விரல்கள் நாரைச் சுற்றும் வேகம் தாளத்தோடு சேர்ந்துகொள்வதை நான் பல ஆண்டுகள் கவனித்திருக்கிறேன். அவரிடம் சங்கீதம் தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்பார். ஆனால் சென்ற ஆண்டு பாடகர் ஒரு பாட்டை வழக்கத்தைவிடச் சுருக்கி முடித்தபோது, ‘இன்னும் ஒரு சரணம் உண்டே மக்களே’ என்று என்னிடம் சொன்னவர் அவர்தான். மைதானத்தின் வேலியோரத்தில் இருந்தாலும் அவர் கச்சேரிக்கு உள்ளேதான் இருந்தார். இந்த ஆண்டு அவர் வழக்கம்போல் அங்கேயே உட்கார்ந்து பூக் கட்டுவார். கச்சேரி ஒன்பது கிலோமீட்டர் தள்ளி நடக்கும்.

குறைந்த பணத்தில் இசை கேட்க எனக்குத் தெரிந்த வழிகளையும் சொல்கிறேன். நல்ல கச்சேரி என்றால் அதற்குச் சீட்டு இருந்தே தீரும் என்ற எண்ணம் குழுவில் சிலருக்கு இருப்பதாகத் தெரிவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதம் 200 ரூபாயை ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன். அந்தப் பணத்தில் நவராத்திரிக்கு ஓரிரு நாள் திருவனந்தபுரம் போய் வருவேன். பத்மநாபபுரம் அரண்மனைச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் நம் மாவட்டத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அங்கே நவராத்திரி தொடங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். திருவிதாங்கூரின் தலைநகர் நம் பத்மநாபபுரத்தை விட்டுப் போன பிறகும் அந்த வழக்கம் தொடர்கிறது. அங்கே நவராத்திரி மண்டபத்தில் கச்சேரிகள் நடக்கின்றன. மாலை 6 மணிக்குத் தொடங்கி 8.30 மணிக்கு முடித்துவிடுவார்கள். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இயற்றிய நவராத்திரிக் கீர்த்தனைகள் நாளுக்கொன்றாகப் பாடப்படுகின்றன. உடைக் கட்டுப்பாடு கண்டிப்பானது. சீட்டு என்ற பேச்சே இல்லை. நீண்ட காலம் பெண்களுக்கு அந்த மண்டபத்தில் பாட இடமில்லாமல் இருந்து, 2006ஆம் ஆண்டில் பாடகி பாறசாலை பொன்னம்மாள் முதன்முதலாகப் பாடினார். நம் மாவட்ட எல்லையை ஒட்டிய ஊரைச் சேர்ந்த அந்த அம்மையாருக்கு அப்போது எண்பது வயது கடந்திருந்தது. அத்தனை பழைமையான ஓரிடமே காலத்துக்கேற்பக் கதவைத் திறந்திருக்கும்போது, இதுவரை எல்லோருக்கும் திறந்திருந்த நம் மைதானத்தை மூடுவது எந்த விதத்தில் முன்னேற்றம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜனவரியில் திருவனந்தபுரம் குதிரைமாளிகை அரண்மனையின் முற்றத்தில் நடைபெறும் சுவாதி சங்கீதோத்சவத்தையும் இலவசமாகவே கேட்டிருக்கிறேன். தக்கலையில் சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பாவின் ஆண்டுவிழா இரவில் அவருடைய ஞானப்புகழ்ச்சிப் பாடல்களை விடிய விடியப் பாடுவதை, என்னுடன் வேலை செய்யும் தோழியின் வீட்டாரோடு போய்க் கேட்டிருக்கிறேன். கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா நாட்களில் நாகர்கோவிலில் எந்தப் பக்கம் நடந்தாலும் பாட்டுக் கேட்கும். ஒரே ஒரு முறை, 2017 டிசம்பரில், சென்னையில் இருக்கும் அத்தை வீட்டில் மூன்று நாள் தங்கி சபைக் கச்சேரிகளுக்குப் போனேன்; மாலைக் கச்சேரிக்குச் சீட்டு விற்கும் சபைகளிலேயே மதியக் கச்சேரிகளை இலவசமாக வைத்திருந்தார்கள். இளம் கலைஞர்கள் அப்போதுதான் பாடுகிறார்கள் என்பதால் நான் கேட்ட சிறந்த கச்சேரிகளில் இரண்டு அந்த மதிய வேளையில் கேட்டவை. இங்கெல்லாம் செலவு இல்லாமல் இல்லை. யாரோ பொறுப்பேற்றுக்கொண்டு, கேட்க வருகிறவரிடம் அந்தச் சுமையை ஏற்றாமல் நடத்துகிறார்கள். நம் ஊரில் அந்தப் பொறுப்பைத் தலைக்கட்டுகளும் உபயதாரர்களும் இத்தனை ஆண்டுகள் ஏற்றிருந்தோம்.

நீங்கள் கூறிய காரணங்களை நான் தட்டிக்கழிக்கவில்லை. சென்ற ஆண்டு இரவு எட்டேகால் மணிக்குப் பெய்த மழையில் கச்சேரி நின்றுபோனதும், ஒலிபெருக்கிக்காரருக்கு நட்டம் வந்ததும் உண்மை. ஆனால் பங்குனி மழைக்கு மாற்று, மேடைக்கும் ஒலிக்கருவிகளுக்கும் மேலே தகரப் பந்தல் போடுவதும், கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊர்ப் பள்ளியின் கூடத்தை முன்கூட்டியே கேட்டு வைப்பதும்தான். கேட்கிறவர்கள் நனைவதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். சென்ற ஆண்டும் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தவர்கள் நாங்கள்.

பத்து மணிக்குக் காவல்துறை ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்கிறது என்பது இரண்டாவது காரணம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம் என்ற இடமும் அதே விதியில் இருக்கிறது. அந்தத் தளர்வைக் கேட்கக்கூட வேண்டியதில்லை. தீபாராதனை முடிந்து, தலைவர் உரை, பொன்னாடை போர்த்துதல், நன்கொடையாளர் பெயர் வாசிப்பு எல்லாம் முடிந்து கச்சேரி தொடங்கச் சென்ற ஆண்டு எட்டு மணி ஆனது. ஆறே முக்காலுக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்கு மங்களம் பாடிவிடலாம்; பெண்கள் கடைசி டவுன் பஸ்ஸையும் பிடித்துவிடலாம். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து இத்தனை பெண்கள் நம் மைதானத்துக்கு வரத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இரவில் திரும்பி வரப் பேருந்து இல்லாத மண்டபத்துக்குக் கச்சேரியை மாற்றும்போது அவர்கள் எல்லோரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறீர்கள்.

கலைஞர்களின் சன்மானம் கூடிவிட்டது என்பது மூன்றாவது. அது கூடத்தான் வேண்டும். பக்கவாத்தியக்காரருக்குப் போக்குவரத்துச் செலவு மட்டும் கொடுத்து அனுப்பிய ஆண்டுகளும் நம் ஊரில் இருந்தன. அது திரும்பி வரக் கூடாது. பணம் போதவில்லை என்றால் தலைக்கட்டுக்கு 100 ரூபாய் கூட்டுங்கள். நான் முதல் ஆளாகக் கட்டுகிறேன். முன்வரிசை நாற்காலிக்கு விருப்பமுள்ளவர்களிடம் நன்கொடை வாங்குங்கள். 750 ரூபாய்ச் சீட்டில் ஜிஎஸ்டி வரியும் அடங்கியிருப்பதாகச் சொன்னீர்கள். ஒருவருக்கு 500 ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில் இசை நிகழ்ச்சி நடந்தால் ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. வரி கட்டுவதற்காகவே விலையை ஏற்றி, அதைக் கேட்கிறவரின் தலையில் வைக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. கச்சேரியை மண்டபத்துக்கு மாற்றிய நீங்கள், வில்லிசையை மைதானத்திலேயே விட்டுவிட்டு, நேரத்தை மட்டும் மாலையிலிருந்து பிற்பகல் 2 மணிக்கு மாற்றியிருக்கிறீர்கள். பங்குனி வெயிலில் இரண்டு மணிக்கு யார் வந்து உட்காருவார்கள்? வில்லும் உடுக்கையும் குடமும் நாஞ்சில்நாட்டின் சொந்தச் சொத்து. கொட்டாரம் பக்கத்தில் வாழ்ந்து 2018இல் மறைந்த பூங்கனி அம்மாள் போன்றவர்கள் பெண்ணாக இருந்து, கோயில் கோயிலாக வில்லடித்துக் காத்த கலை அது. காசு கொடுத்துக் கேட்பது ஒன்று, சும்மா கிடைப்பது ஒன்று என்று இசையை இரண்டாகப் பிரித்து, சும்மா கிடைப்பதை வெயிலில் தள்ளுவது இரண்டு கலைக்குமே அவமதிப்பு. ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், வறுமையால் பள்ளிப் படிப்பைத் தொடர முடியாமல், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கப் போன பையனாகத்தான் கலையை முதலில் பார்த்தார். நம் மைதானத்தில் சுக்குக்காப்பித் தூக்குவாளியோடு சுற்றும் பையன்களும் ஒரு கண்ணை மேடையில் வைத்துக்கொண்டுதான் காப்பி ஊற்றுகிறார்கள்.

ஆகவே நான் உங்களிடம் வேண்டுவது இது. ஏழாம் திருவிழாக் கச்சேரியை இந்த ஆண்டே மைதானத்துக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்; தொடக்கத்தை ஆறே முக்காலுக்கு வையுங்கள்; உரைகளையும் பொன்னாடைகளையும் எட்டாம் திருவிழாவின் சமய மாநாட்டுக்கு மாற்றுங்கள். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் திரும்பாது என்றால், அந்தத் தொகை எவ்வளவு என்று ஊருக்குச் சொல்லுங்கள். அதை ஈடுகட்ட வழி தேடுவோம். முடிவை எவ்வகையிலும் மாற்ற இயலாது என்று நீங்கள் கருதினால், வரி கட்டிய ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் மூன்று பேருக்கு இலவச அனுமதி கொடுங்கள். மண்டபத்துக்கும் ஊருக்கும் இடையே இரண்டு வண்டிகளையாவது ஏற்பாடு செய்யுங்கள். முதியவர்களும் நோயாளிகளும் உணவும் தண்ணீரும் கொண்டுவர அனுமதியுங்கள். வர முடியாதவர்களுக்காகவும் பூக் கட்டுகிறவர்களுக்காகவும் கச்சேரியின் ஒலியையும் ஒளியையும் மைதானத்தில் ஒரு திரை வைத்து நேரடியாகக் காட்டுங்கள். வில்லிசையை மாலை 5 மணிக்கே திருப்பி வையுங்கள். சீட்டு விற்ற பணத்தின் வரவுசெலவைத் திருவிழா முடிந்த பதினைந்து நாட்களுக்குள் கோயில் அறிவிப்புப் பலகையில் தனியாக ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு முதல் இத்தகைய மாற்றம் எதுவானாலும், வரி வசூலுக்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் வைத்து, பெண்கள் பக்கமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நோட்டீஸின் முதல் பிழைதிருத்தப் படி திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில்தான் அச்சுக்கு ஏறுகிறது. வியாழக்கிழமை மாலைக்குள் திருத்தம் சொல்லி அனுப்பினால் பழைய வரியை நானே அடித்து வைத்துவிடுகிறேன். அதற்காக அச்சகத்தில் கூடுதல் கட்டணம் எதுவும் வாங்க மாட்டார்கள். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் திருவிழாவுக்குத் தவறாமல் வரும் ஊர்க்காரி